ஒருவர் மட்டும்

செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போக வேண்டுமானால் வாசலில் உள்ள கண்ணாடிக் கூண்டைத் தாண்ட வேண்டும். பின்கதவு மூடி, உள்ளே ஒருவர்தான் என்று இயந்திரம் எண்ணிய பிறகே முன்கதவு திறக்கும். அதற்கு ஆள் எண்ணக் கற்றுக்கொடுத்தவன் அங்கே வேலை பார்க்கும் பொறியாளன் ஒருவன். பழக்குவதற்காக, அவன் தோளுயரமே இருந்த மனைவியையும் கூட்டிவந்து நூறு தடவை நடக்கவிட்டிருந்தான். அது ஒருமுறைகூடத் தப்பாக எண்ணியதில்லை.

மனைவி இறந்த பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினான். கூண்டுக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடிக்கொண்டது. திரையில் 'இரண்டு பேர்' என்று வந்தது.

"யாரை சார் ஒளிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று வெளியிலிருந்து சிரித்தார் புதிதாகச் சேர்ந்த காவலாளி. "பையைக் கீழ வச்சுப் பாருங்க."

வைத்தான். இரண்டு பேர்.

"சரி, பின்கதவைத் திறக்கிறேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளிய வந்துட்டா அது உள்ள விட்டுடும்."

கதவு திறந்தது. எண் ஒன்றாகிவிடுமோ என்று பயந்து, சட்டென்று இழுத்துச் சாத்தினான்.

"என்ன சார், வேலைக்குப் போக வேணாமா?"

எதிர்க் கண்ணாடியில் அவன் மூச்சு பனித்திருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, அவன் தோளுயரத்தில், இன்னொரு வட்டம் பனித்து, மறைந்து, மறுபடி பனித்தது.