மெதுவாக இழுத்த துண்டுகள்

ஆர்த்திகாவின் ஆய்வேட்டை அவளுடைய வழிகாட்டி வெள்ளைத்துரை சார் மேஜையில் விட்டெறிந்தார். ஒரு தாள் பறந்து என் காலடியில் விழுந்தது. நான் குனியவில்லை.

எனக்கு அந்தப் பெண்ணைக் கண்டாலே ஆகாது. இந்த லேபில் இருபத்திரண்டு வருஷமாக, பிசின் துண்டுகளை இழுத்து முறிக்கிற மெஷினை ஓட்டுகிறவன் நான். அவள் என்னை அதைத் தொடவே விடுவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தானே பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

விமான இறக்கைக்கான எபாக்ஸி பிசின் அது. வேகமாக இழுத்தால் சட்டென்று முறிகிறது, மெதுவாக இழுத்தால் கூடுதலாக நீண்ட பிறகே முறிகிறது என்று எழுதியிருந்தாள். எந்த வேகமும் ஒன்றுதான் என்று இதே லேபில், இதே பிசினில் காட்டி டாக்டர் பட்டம் வாங்கியவர் சார்.

முடிவை மாற்றினால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் உன் ஐந்து வருஷமும் குப்பைக்குத்தான் என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அவள் அழவில்லை. சாருடைய பழைய துண்டுகளைப் பார்க்க வேண்டும் என்றாள்.

சார் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். இருபது துண்டுகள். பாதியில் ‘வேகம்’ என்றும் மீதியில் ‘மெது’ என்றும் சீட்டு ஒட்டியிருந்தது.

அவள் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு, தான் மெதுவாக இழுத்த துண்டைப் பக்கத்தில் வைத்தாள். அது முறிந்த இடத்தில் வெளுத்து, சொரசொரவென்று இருந்தது. சாருடைய இருபதும் கண்ணாடி மாதிரி மின்னின.

“இம்புட்டும் வேகமா உடைச்சது சார். மெதுவா இழுத்தது ஒண்ணுகூட இல்ல.”

பொய் எழுதிப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

சார் ‘மெது’ என்று ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து, முறிந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

“பேயாண்டி, மெதுவா இழுத்ததெல்லாம் நீதானடா?”

மெதுவாக இழுத்தால் ஒரு துண்டு முறிய எட்டு மணி நேரம். பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு சார் காளவாசலுக்கு டீ குடிக்கப் போவார், மறுநாள்தான் வருவார். ஒருநாளும் கூட உட்கார்ந்ததில்லை. எனக்கு ஊருக்குப் போக டி. கல்லுப்பட்டிக்கு நாலு மணி பஸ்.

மெஷின் காட்டிய எண்களைத்தான் எழுதினேன். வேகத்தை மட்டும் ‘மெது’ என்று மாற்றி எழுதினேன்.

அந்தச் சீட்டுகளும் நான் ஒட்டியவைதான்.