ஐந்தரை மணி கார்டு

"சோறு போடுற பல்கலைக்கழகத்து மேலேயே கேஸ் போட்டிருக்கா பாருங்க!"

கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் நின்றவரிடம் கிசுகிசுத்தாள் ஹிசாயே. கேஸ் போட்ட மிஹோவோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"கூட வேலை செஞ்ச நுமாதா மாரடைப்புல போய் வருஷம்கூட ஆகல. வேலைப்பளுதான் அவரைக் கொன்னுதுன்னு அவர் சம்சாரம் நஷ்டஈடு கேட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாங்க. அப்போ வாயே திறக்காதவ, தனக்குன்னதும் வக்கீல்கூட வைக்காம வந்து நிக்கிறா. பேராசை!"

மிஹோவின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பொட்டலத்துக்குள் மீன் கெட்டுப்போனால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் சின்னப் பட்டை ஒன்றை மிஹோ கண்டுபிடித்திருந்தாள். நாலு வருஷ உழைப்பு. ஒசாகா கம்பெனி ஒன்று அதை வாங்கத் துடித்தது. பட்டை மிஹோவுக்குச் சொந்தமா, சம்பளம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கா என்பதுதான் வழக்கு.

"தினமும் அஞ்சரைக்கு கார்டு பஞ்ச் பண்ணிட்டுக் கிளம்பினதா ஆபீஸ் ரெக்கார்டே சொல்லுதுங்க ஐயா" என்றாள் மிஹோ, நீதிபதியிடம். "அதுக்கப்புறம் என் சொந்த நேரம். அதுல செஞ்சது எனக்குத்தானே?"

பல்கலைக்கழக வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவர் பேராசிரியர் ஒகாதாவைக் கூண்டில் ஏற்றினார்.

"இவங்க அஞ்சரைக்கு வீட்டுக்குப் போயிடுவாங்களா, சார்?"

"எங்க போறது? கார்டு பஞ்ச் பண்ணிட்டு மறுபடி வந்து உட்காரணும். கடைசி ரயில் வரைக்கும் வேலை நடக்கும்."

"அவங்க இஷ்டத்துக்கா?"

"நான் போட்ட உத்தரவு! அந்தப் பட்டையும் நான் கொடுத்த வேலைதான்."

குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள் மிஹோ.

"நான் மட்டும்தானா சார், இல்ல எல்லாருமா?"

"எல்லாரும்தான்மா! என் கூடத்துல ஒருத்தர்கூட அஞ்சரைக்கு வீட்டுக்குப் போனதில்ல."

"சனி, ஞாயிறு?"

"அதுவும்தான். இதுல உனக்கென்ன சந்தேகம்?"

"இதெல்லாம் பதிவாயிடுச்சுங்களா?" என்று எழுத்தரைக் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

மிஹோ குனிந்து வணங்கினாள்.

"அப்போ சார் சொல்றதே உண்மை. வழக்கை வாபஸ் வாங்கிக்கறேன். பட்டை பல்கலைக்கழகத்துக்கே இருக்கட்டும்."

வக்கீல் பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வக்கீல் வைக்காம வந்தா இப்படித்தான் மூக்குடைபடணும்" என்று முணுமுணுத்தாள் ஹிசாயே.

மிஹோ நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் ஹிசாயேவின் முகம் மாறியது. நுமாதாவின் மனைவி.

"சாட்சியோட நகல் கேட்டிருக்கேன் அக்கா. கைக்கு வந்ததும் மறுபடி மனு போடுங்க."

"உன் நாலு வருஷ உழைப்பு போச்சேம்மா..."

"வலிக்குதுதான். பரவாயில்ல."

அந்தப் பெண் மிஹோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"'உங்க வீட்டுக்காரர் தினமும் அஞ்சரைக்கே வீட்டுக்குப் போயிட்டாரே'ன்னு இனிமே யாரும் கார்டை என் முன்னாடி நீட்ட முடியாதில்ல?"