விளையாடாத ஐந்து பருவங்கள்

"வராத ஆளுக்கு ஊகத்தில புள்ளி போடேலாது," என்றாள் யசிந்தா, மடியில் உறங்கிய குழந்தையின் முதுகைத் தட்டியபடி. "பதினொண்டு அஞ்சு பருவம் விளையாடேல்லை. ஏழு ஒரு ஆட்டமும் விட்டதில்லை."

ஆணும் பெண்ணும் சேர்ந்து விளையாடும் குவேக்கர்ஸ் ஹில் தமிழர் பேஸ்போல் கழகத்தின் ஆண்டுக் கூட்டம் அது. கழகத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரருடைய சட்டை இலக்கம் அன்று சுவரில் ஏற இருந்தது. அதன்பின் அந்த இலக்கத்தை வேறு எவரும் அணிய முடியாது. போட்டியில் எஞ்சியவை ஏழும் பதினொன்றும். ஏழுக்காக யசிந்தாவும் பதினொன்றுக்காக நொயலும் பேசினார்கள்.

"ஆக்களின்ர பேர் வேண்டாம். இலக்கம் மட்டும்," என்று தலைவி யோகா அன்ரி முதலிலேயே கட்டளையிட்டிருந்தார்.

நொயல் எழுந்தான். "பதினொண்டு விளையாடின காலத்தில நாலு தரம் கிண்ணம் எடுத்தனாங்கள். அது இல்லாத அஞ்சு பருவத்திலயும்?"

"அரையிறுதிக்குப் போனனாங்கள்."

"எதிர் அணி வராததால."

கூட்டம் சிரித்தது. யோகா அன்ரி மேசையைத் தட்டினார்.

யசிந்தா விடவில்லை. "விரல் வீங்கின நேரமும் ஏழு வந்து பந்து பிடிச்சது. வந்து நிக்கிறதும் ஒரு திறமைதான். விளையாடாத ஆட்டத்தையும் கணக்கில சேர்த்தால் நானும் நூறு ஹோம் ரன் அடிப்பன்."

"அடிச்சிருப்பீங்கள்தான்," என்றான் நொயல் அமைதியாக. "ஏழு ஏன் ஒரு ஆட்டமும் விடேல்லை? கெட்டிக்காரத்தனமோ? அந்த அஞ்சு பருவமும் பதினொண்டு வீட்டில நிண்டது. அதாலதான் ஏழு மைதானத்தில நிண்டது."

யசிந்தா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

கைகள் உயர்ந்தன. யோகா அன்ரி இருமுறை எண்ணினார்.

"பதினொண்டுக்குத்தான் கூட வாக்கு. சட்டைக்கு உரிய ஆள் முன்னுக்கு வரலாம்."

"இஞ்சேருங்கோ, இவளைப் பிடியுங்கோ," என்று குழந்தையை நொயலின் தோளில் சாய்த்துவிட்டு, தன் பதினோராம் இலக்கச் சட்டையை வாங்க எழுந்தாள் யசிந்தா.

தன் இலக்கத்துக்காகத் தானே பேசக்கூடாது என்ற கழக விதியை மீறாமலேயே மனைவியிடம் தோற்றுவிட்ட ஏழாம் இலக்கம், மகள் விழித்துவிடாதபடி, ஒற்றைக் கையால் தன் தொடையில் தட்டிக் கரகோசம் செய்தது.