கிளாக்கஸ்

சட்னியைத் தொட்டுக்கொண்டே கணவர் சொன்னார்.

"எங்க டிபார்ட்மெண்ட் யமுனா மேடம் நேத்து ஒரு சேலை கட்டிட்டு வந்தாங்க பாரு. சுத்தமான கிளாக்கஸ்."

அடுத்த தோசையைத் திருப்பப் போன அவள் கை அப்படியே நின்றது.

தாவரவியல் வாத்தியாரோடு பதினாலு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். இலைக்கும் தண்டுக்கும் அவர் வாயில் இங்கிலீஷ் நிறங்களாகக் கொட்டும். சேலைக்கு என்றால் மூன்றே மூன்றுதான். சிவப்பு, பச்சை, அந்த இன்னொண்ணு.

கல்யாணப் பட்டு என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பார்.

அந்த மனுஷன்தான் சொல்கிறார். கிளாக்கஸாம்.

தோசை கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் கல்லூரிக்குக் கிளம்பியதும் அவருடைய அகராதியைப் புரட்டினாள். நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம். திராட்சைப் பழத்தின் மேல் மாவு பூத்தாற்போல் இருப்பது. விரல் பட்டால் போய்விடும்.

விரல் என்ற இடத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு குலை பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு நேரே ஜவுளிக்கடைக்குப் போனாள்.

"இந்த நிறத்துல எடுங்கண்ணே."

"கறுப்பாம்மா?"

"உள்ள இல்லண்ணே. மேல பூத்திருக்கு பாருங்க, அது."

கடைக்காரர் அவளையும் திராட்சையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு விரிக்க ஆரம்பித்தார். மலைபோல் குவிந்த பிறகு ஒன்று பொருந்தியது. பழத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதே நிறம்.

சாயங்காலம் கட்டிக்கொண்டாள். தலை நிறையப் பூ வைத்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் போய் நின்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவசரப்படாமல், நன்றாகவே பார்த்தார்.

"புதுசா? சாம்பல் கலரு. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

அவள் தலையாட்டினாள். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அடுக்களைக்குப் போய்த் திராட்சையைத் தண்ணீரில் கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் தேய்த்தாள்.

"இவ்வளவு நேரமா என்ன கழுவுற?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பழமெல்லாம் கறுகறுவென்று மின்னியது.

ஒன்றில்கூட கிளாக்கஸ் இல்லை.