பூனைக்கு ஆக்கிய கறி

தம்பிதுரை அன்றைக்கும் கோழிக்கறியைக் கருகவிட்டார். வயதான பூனைக்கு உப்பு, காரமில்லாமல் வீட்டிலேயே ஆக்கிப்போடச் சொல்லியிருந்தார் மாட்டு டாக்டர். மில்லில் ஓய்வுபெற்ற கையோடு அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவர், பத்தே நாளில் மூன்று குண்டாக்களைத் தீய்த்திருந்தார். ஆனாலும் தினமும் தட்டு காலியானது, பூனையும் தேறி வந்தது.

“இந்தக் கருமத்த அது எப்படித்தான் திங்குதோ” என்றார் மனைவி சாந்தாமணியிடம்.

“பசிச்சாத் திங்குமுங்க.”

“தெனமும் இதையேதான் சொல்ற. நெசத்தச் சொல்லு அம்மணி.”

சாந்தாமணி குண்டா தேய்ப்பதை நிறுத்தினாள்.

“பூனைக்கு நான் தனியா வேகவெச்சுப் போடறேனுங்க. இதைத் திங்கறது நாந்தானுங்க. கண்ணாலமாகி முப்பத்தெட்டு வருசத்துல நீங்க ஆக்குன சோறுன்னு நான் கண்டது இது ஒண்ணுதானுங்களே.”