நாலாம் நம்பர் காற்று

“உடம்புக்கு முடியாதவங்களை வச்சுக்கிட்டு ஒர்க் ஷாப்புக்குள்ள வண்டியை விடுறீகளே, உங்களுக்கே நல்லா இருக்காண்ணே?”

ராஜப்ரியாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

அம்மா நாச்சியாருக்கு வாரம் இரண்டு நாள் காரைக்குடியில் டயாலிசிஸ். ஒக்கூரிலிருந்து கூட்டிப்போய்க் கூட்டிவருவது சேவுகனின் வாடகைக் கார். இன்றைக்கும் நாலு மணி நேரம் படுத்து எழுந்து, துவண்டுபோய்ப் பின் சீட்டில் சாய்ந்திருந்தாள் அம்மா.

போதாக்குறைக்குக் காலையில் காரில் ஏறும்போதே, “இன்னையோட போதும். வெள்ளிக்கிழமை நான் வர மாட்டேன்” என்று ஒரே பிடியாகச் சொல்லியிருந்தாள். நிறுத்தினால் ஒரு மாதம் தாங்காது என்று டாக்டர் சொன்னதை நினைத்து, புதுவயல் மில்லில் ராஜப்ரியாவுக்கு வேலையே ஓடவில்லை. வழக்கமாக மில் விட்டு வந்து அம்மாவோடு காரில் திரும்புகிறவள், இன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தாள்.

இந்த லட்சணத்தில் வழியில் மானகிரியில் வண்டியை நிறுத்துகிறார் மனுஷன்!

“இருவது நிமிசம் தங்கச்சி. ஏசி காத்து நாலாம் நம்பர்ல, முழு வேகத்துல மட்டும்தான் ஓடுது. காத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டர் மாத்தணும். மதுரையிலருந்து பஸ்ல போட்டுவிட்டாக, இப்பத்தான் கைக்கு வந்துச்சு.”

“காத்து நல்லாத்தானே வருது? எங்களை விட்டுட்டு வந்து சாவகாசமா மாத்துங்க.”

“இல்ல, இப்பவே மாத்திருவோம்.”

மெக்கானிக் லட்சுமணன் முன் சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு, உள்ளங்கை அகலச் சாமான் ஒன்றை உருவினார். அதன் கம்பிச் சுருள் கருகியிருந்தது.

“நாளைக்கு முகூர்த்தமாச்சே, வண்டி ஜம்முனு இருக்கணும்ல?” என்று அவர் சேவுகனைப் பார்த்துச் சிரித்தார்.

ராஜப்ரியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாண சவாரி! மாப்பிள்ளை வீட்டாருக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்காக நோயாளி இங்கே காத்துக் கிடக்க வேண்டும்.

“இங்குட்டு நல்லாத்தாண்டி இருக்கு” என்றாள் வேப்பமர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா.

“நீ சும்மா இரும்மா. எரியிற வீட்டுல புடுங்குன வரைக்கும் லாபம்னு இருக்காரு.”

சேவுகன் காதில் விழுந்திருக்கும். ஆனால் அவர் புது ரெசிஸ்டரைப் பிரித்து லட்சுமணனிடம் நீட்டினார்.

வேலை முடிந்து வண்டி கிளம்பியதும் ராஜப்ரியா வழக்கம்போலச் சொன்னாள். “ஏசியைப் போடுங்கண்ணே. அம்மா வெந்து போயிருக்காங்க.”

சேவுகன் குமிழை ஒன்றில் வைத்தார். காற்று சத்தமில்லாமல் மெல்ல வந்தது. ஒக்கூர் வரும்வரை அம்மா அசந்து தூங்கினாள்.

வாசலில் இறங்கியதும் ராஜப்ரியா மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தாள். “வெள்ளிக்கிழமை நீங்க வர வேணாம். நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம்.”

“சரி தங்கச்சி.”

“என்னடி பேசுற?” என்றாள் அம்மா. “தம்பி, வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்துருங்க. நான் வாரேன்.”

ராஜப்ரியாவால் நம்ப முடியவில்லை. “காலையில மாட்டேன்னியே? ஊசிக்குப் பயந்துக்கிட்டு...”

“ஊசியெல்லாம் பழகிப்போச்சு. திரும்பி வரையில அந்தக் காத்துதான் தாங்கல. எலும்பெல்லாம் நடுங்கி, வீடு வரதுக்குள்ள உசுரு போயிட்டு வரும். இன்னைக்குத்தான் மனுசியா வந்து இறங்கிருக்கேன்.”

“அதை என்கிட்ட சொல்லக்கூடாதாம்மா? உனக்குன்னு நெனச்சுத்தானே ஏசியைப் போடச் சொன்னேன்!”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

‘இப்பவே மாத்திருவோம்’ என்று சேவுகன் பிடிவாதம் பிடித்தது யாருக்காக என்று புரிந்து, ராஜப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். “மன்னிச்சுருங்கண்ணே. எங்கம்மாவை எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கீக. இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். பெத்த மகளுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

சேவுகன் தயங்கினார்.

“போன தடவை கண்ணாடியில பாத்தேன், வெடவெடன்னு நடுங்குனாக. ‘ஏசியை நிப்பாட்டவாம்மா?’ன்னு மெதுவாக் கேட்டேன். ‘வேணாந்தம்பி, எம்மக மில்லுல வெந்துட்டு வந்து இப்பத்தான் கண்ணசந்திருக்கா’ன்னு சொல்லிட்டாக.”