மோர் பெட்டர்

"மோர் பெட்டராம்! அக்கா, 'பெட்டர்'னாலே 'அதைவிட நல்லது'தான். அதுக்கு முன்னாடி எதுக்கு ஒரு 'மோர்'?"

எதிர்க்கடை ஹுவாலான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெய்ச்சினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீனாவின் யீவூ மொத்தச் சந்தையில் இருவருக்குமே குடை வியாபாரம். ஹுவாலானுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. மெய்ச்சின் இப்போதுதான் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றாவது வராவிட்டால், இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். அது சந்தைக்கே தெரியும்.

"வாயை மூடுடி. ஒண்ணைவிட ஒண்ணு ஒசத்தின்னா 'மோர்' போடணும்னு வாத்தியார் சொல்லியிருக்கார். நான் எல்லாத்துக்கும் போடுவேன்!"

அந்த நேரம் பார்த்து ஒரு கென்யாக்காரப் பெண்மணி வந்து நின்றாள். மெய்ச்சின் பாய்ந்துபோய் டப்பென்று குடையை விரித்தாள்.

"மை அம்ப்ரெல்லா மோர் பெட்டர்! மோர் ஸ்ட்ராங்கர்! மோர் மோர் சீப்பர்!"

பெண்மணி சிரித்துவிட்டாள். பிறகு ஹுவாலான் பக்கம் திரும்பி, படபடவென்று என்னவோ கேட்டாள்.

ஹுவாலான் மெய்ச்சின் கடையைக் காட்டி, "ஹெர்ஸ் ஆர் ஃபார் பெட்டர்" என்றாள்.

மெய்ச்சின் மனசுக்குள் அவசரமாக மொழிபெயர்த்தாள். 'ஃபார்' என்றால் தூரம். 'பெட்டர்' என்றால் நல்லது. அடிப் பாவி! 'அவளைவிட்டுத் தூரமா இருக்கறது நல்லது'ன்னு வத்தி வைக்கிறாளே!

ஆனால் பெண்மணி நேராக மெய்ச்சினிடம் வந்தாள். ஒரு கன்டெய்னர் நிறையக் குடைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனாள்.

மெய்ச்சினுக்குத் தலைகால் புரியவில்லை. விரித்த குடையோடு கடைக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

"பாத்தியாடி? நீ போட்டுக் கொடுத்தும் என் 'மோர்' ஜெயிச்சிடுச்சு!"

"ஜெயிச்சீங்கல்ல? நூடுல்ஸ் வாங்கிக் கொடுங்க" என்று ஹுவாலான் மறுபடி சிரித்தாள்.

"உனக்கா? தண்ணிகூடக் கிடையாது!"

அன்று மாலை வகுப்பில், கடையில் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாள் மெய்ச்சின். வகுப்பு கைதட்டியது. வாத்தியார் ஷென் மட்டும், "எதிர்க்கடைக்காரங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றார்.

"ஹெர்ஸ் ஆர் ஃபார் பெட்டர். எவ்வளவு கொழுப்பு பாருங்க சார்!"

"அக்கா, 'பெட்டர்'க்கு முன்னாடி 'மோர்' வராது, 'ஃபார்' வரும். அங்க அது தூரம் இல்ல, 'எவ்வளவோ'ன்னு அர்த்தம். 'என் குடையைவிட அவங்க குடை எவ்வளவோ மேல்'னு சொல்லியிருக்காங்க."